அமைதிக்கு ஒரு மாத்திரை

நூலகர் தும்மினார். சுவரில் ஒட்டியிருந்த ‘பேசாதீர்’ அட்டையே ஒருமுறை ஆடி நின்றது.

அந்த அட்டையை எழுதி ஒட்டியவரும் அவரே. யாராவது பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டினால் போதும், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். புரட்டியவர் அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். இப்போது ஜன்னலுக்கு வெளியே மரம் பூத்துக் கொட்டுகிறது. உள்ளே அலமாரியெல்லாம் தூசி. இரண்டுக்கும் நடுவே அவருடைய மூக்கு.

இந்த நேரம் பார்த்து மேலதிகாரி வரப்போகிறார். ஆள் வராத கிளை என்று தெரிந்தால் இழுத்து மூடிவிடுவார்கள்.

“தூக்கம் வர்ற மாத்திரை வேணுமா, வராததா சார்?” என்று கேட்டாள் மருந்துக்கடைப் பெண்.

“எது பலமோ அதைக் குடும்மா. மத்ததை நான் படிச்சுக்கறேன்.”

“அப்போ ராத்திரி மட்டும் போடுங்க.”

இத்தனை புத்தகங்களைக் கட்டி மேய்ப்பவருக்கே அறிவுரையா? காலையிலேயே போட்டுக்கொண்டார். தும்மல் நின்றது. தலை மேசையில் சாய்ந்தது.

கண் விழித்தபோது வாசகசாலையில் பத்துப் பதினைந்து பேர். சட்டென்று எல்லோரும் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். தினமும் வரும் குறுக்கெழுத்துக்காரர் மட்டும் தலைகீழாகத் தூக்கியிருந்தார்.

“நம்ம கட்டுப்பாட்டுக்கு இப்பதான் பலன் தெரியுது” என்றார், வீட்டுக்குப் போனதும் மனைவியிடம்.

“கன்னத்துல தேதி முத்திரை குத்தியிருக்கே. எப்போ திருப்பிக் குடுக்கணும்?”

மாத்திரையை விட்டுவிட்டு மூக்கில் அடிக்கும் மருந்துக்குத் தாவினார்.

“மூணு நாளைக்கு மேல அடிக்காதீங்க. பிரஷர் இருக்கா சார்?”

“எனக்கா? நான் மத்தவங்களுக்குக் குடுக்கிற ஆளும்மா.”

வாரம் முழுக்க, நினைத்தபோதெல்லாம் அடித்தார். மூக்கு கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டது. வாய் மூச்சு விடுவதற்கே சரியாக இருந்ததால், யாரையும் அதட்டுவதற்கு மிச்சமில்லை. கூட்டமோ நாளுக்கு நாள் பெருகியது. நாற்காலி கிடைக்காதவர்கள் அலமாரியடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

நூலகருக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரிக்குப் போன் போட்டார். “அடுத்த வாரம் அவசியம் வாங்க சார். உக்கார இடமிருக்காது.”

பிறகு மருந்துக்கடையில் போய்க் குழைந்தார். “அம்மா, அதிகாரி முன்னால தும்மக்கூடாது, தூங்கவும் கூடாது. மூச்சும் விடணும்.”

“முதல் நாளே இதைத்தானே கேட்டேன்?” தூக்கம் வராத மாத்திரையைக் கொடுத்து, மூக்கில் அடிப்பதை நிறுத்தச் சொன்னாள். இந்த முறை சொன்னபடி கேட்டார்.

அதிகாரி வரும் நாள் காலை மூக்கு முழுசாகத் திறந்துகொண்டது. தும்மலில்லை, தூக்கமில்லை. வாசலிலேயே நின்று, வந்தவர்களையெல்லாம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, வெண்கலக் குரலில் “உஷ்” என்று வரவேற்றார்.

அதிகாரி வந்தபோது வாசகசாலையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“எங்கய்யா கூட்டம்?”

“வருவாங்க சார். இங்க இருக்கிற அமைதிக்காகவே வர்றவங்க.”

கதவு மெல்லத் திறந்தது. குறுக்கெழுத்துக்காரர் தலையை நீட்டினார்.

“உஷ்” என்றார் நூலகர், கணீரென்று.

குறுக்கெழுத்துக்காரர் தலையை வெளியே இழுத்துக்கொண்டார். அவர் வெளியே நின்றவர்களிடம் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது.

“வாங்கப்பா, வேற எங்கயாவது போய்ப் பேசலாம். சாருக்கு உடம்பு சரியாயிடுச்சு.”