பாய் வந்தாச்சு!

கடற்கரையில் வாழும் உயிரினங்களில் நண்டைப் பற்றியும் ஆமையைப் பற்றியும் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். கரைக் கமிட்டிக்காரரைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. இது பெரிய அநியாயம். நண்டாவது மனிதரைக் கண்டால் வளைக்குள் ஓடிவிடும். இவர் மனிதரைக் கண்டால் மேடைக்கு அழைப்பார்.

எங்கள் காரைக்காலில் தை மாதம் பாய்மரப் படகுப் போட்டி வாரம் வந்தால் இவரைத் தவறாமல் பார்க்கலாம். தேடவே வேண்டாம். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கும் இடத்தில் யார் ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாரோ, யாருடைய வெள்ளைச் சட்டையில் கல்யாண மாப்பிள்ளைக்கு இருப்பதைவிடப் பெரிய ரிப்பன் பூ குத்தியிருக்கிறதோ, யாருடைய செருப்பில் ஒரு வாரமாக ஈரம் படவில்லையோ, யார் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு யாரோ பதில் சொல்லப்போவது போலக் காத்திருக்கிறாரோ, அவர்தான். எங்கள் ஊரில் அவருக்குத் தியாகராசன் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும். பூ அதே பூதான்.

படகுப் போட்டி நடத்துவது வேறு ஆட்கள். தியாகராசனின் பொறுப்பு கரை. படகுகள் கடலில் என்னவோ செய்துகொண்டிருக்கும் நேரத்தில் கரையில் கூடிய ஜனங்களுக்குப் பொழுது போகவேண்டும் அல்லவா? அதற்காகக் கோலப் போட்டி, கயிறு இழுத்தல், மியூசிக்கல் சேர், மணல் சிற்பம், மீன் குழம்புப் போட்டி, 'சாப்பாட்டுக்கு ருசி சேர்ப்பது காரைக்கால்மேட்டு மீனா, வரிச்சிக்குடி அரிசியா?' என்று ஒரு பட்டிமன்றம் எல்லாம் வைத்தார்கள். இரண்டும்தான் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் ஒருசேரச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கோலமாவு முழுவதும் காற்றில் பறந்து நடுவர்களின் கண்ணில் விழுந்ததால் கோலப் போட்டியில் எல்லோருக்கும் ஆறுதல் பரிசு.

இதெல்லாம் படகுப் போட்டிக்காக வந்த வேடிக்கைகள் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் அறியாமை. கமிட்டிக்காரரைப் பொறுத்தவரை, நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் விழாவுக்குள் படகுக்காரர்கள்தான் இடைஞ்சலாக வந்து சேர்ந்துகொள்கிறார்கள். "எப்ப முடிப்பீங்கன்னு கேட்டா, காத்தைக் கேக்கணும்கிறாங்க சார். மியூசிக்கல் சேர் நடத்த நான் காத்தையா கேக்குறேன்?" என்று என்னிடமே வருத்தப்பட்டார். அவருக்குக் காற்றோடு தனியாக ஒரு தகராறும் இருந்தது. காற்று அடிக்காவிட்டால் படகு போகாது. அடித்தால் குத்துவிளக்கு நிற்காது. இரண்டில் எது முக்கியம்? தொடக்க விழாவன்று விளக்கைச் சுற்றிக் குடையும் பழைய பேனரும் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் யாருக்கோ மயக்கம் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

மேடையைப் பற்றிச் சொல்லவில்லையே. கடலுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால், சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டிய பிரம்மாண்டமான ஃபிளெக்ஸ். அதில் எந்த தேசத்துக் கடலோ தெரியாது, அப்படி ஒரு நீலம். அதில் ஒரு பாய்மரப் படகு. அதன் பாய் நடுவில் தியாகராசன் கைகூப்பிக்கொண்டிருந்தார். உண்மையான கடல் அந்த ஃபிளெக்ஸுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. அது மைக்கில் விழுகிறது என்று ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

கடைசி நாள் நடந்ததைச் சொன்னால் இந்த இனத்தின் முழு ஆற்றலும் உங்களுக்கு விளங்கிவிடும்.

அன்றைய கடைசிப் பந்தயத்தில் காரைக்கால்மேட்டுப் பெண் வினோதினி படகு ஓட்டினாள். கல்லூரியில் படிக்கிற பெண். தனியாளாக ஓட்டும் சின்னப் படகு. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நடுவில் நம் ஊர்ப் பெண் அவள் ஒருத்திதான். அவள் அம்மா குஞ்சம்மாள் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். பெண்ணுக்குப் பயிற்சி நடக்கும் நேரம் அம்மாவுக்கு வியாபார நேரம். போட்டி வாரத்திலோ கரையில் மீன் சாப்பாட்டுக் கடை போட்டு அடுப்படியிலேயே கிடந்தாள். மகள் பாய் கட்டிக் கடலில் போவதை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "கடைசி நாளாவது வந்து பாரும்மா" என்று வினோதினி கேட்டிருந்தாள். அதற்காகவே அன்று கடையை மூடிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அலை ஓரத்தில் வந்து நின்றாள்.

நின்றவளை மைக் விட்டுவைக்குமா? மீன் குழம்புப் போட்டியில் முதல் பரிசு, காரைக்கால்மேடு குஞ்சம்மாள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். ஒரு நிமிஷ வேலை என்று நம்பி அவளும் ஏறினாள். ஒரு பொன்னாடையைப் போர்த்தி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பரிசு மட்டும் வரவில்லை. அதைச் சிறப்பு விருந்தினர் கையால்தான் கொடுக்கவேண்டும். சிறப்பு விருந்தினர் ஹமீது பாய். துபாயில் கடை வைத்திருப்பவர், பந்தல் செலவு அவருடையது. அவர் இன்னும் வரவில்லை.

"ஐயா, எம் பொண்ணு வர்ற நேரம். இப்பவே குடுத்துட்டீங்கன்னா நான் எறங்கிப் போயிருவேன்."

"உக்காருங்கம்மா. மேடை ஏறிட்டு நடுவுல எறங்குனா மரியாதையா இருக்காதுல்ல? பாய் வந்ததும் மொத வேலை உங்களுக்குத்தான்."

"எந்தப் பாயிங்க? எம் பொண்ணு பாயா?"

தியாகராசன் பெருந்தன்மையாகச் சிரித்தார். நம் ஊரில் பாய் என்றால் மூன்று உண்டு. தரையில் விரிப்பது ஒன்று, படகில் கட்டுவது ஒன்று, பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் ஒருவர். கடைசிப் பாயைச் சொல்லும்போது உதட்டைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வோம். பக்கத்தில் நின்று கேட்டால் வித்தியாசம் தெரியும். வாடைக் காற்றுக்கு இந்த இலக்கணம் தெரியாது.

ஃபயாஸுக்கும் அன்று தெரியாமல் போயிற்று. அவர் படகுப் பயிற்சியாளர். பந்தயம் முடியும் கோட்டுக்கு நேராகக் கரையில் கொடியோடு நின்றிருந்தார். அவருக்குத் தியாகராசன் போன் போட்டு, சினிமாப் பாட்டுச் சத்தத்துக்கு மேலே, "பாய் வந்ததும் ஒடனே சொல்லுங்க!" என்று கத்தினார். ஃபயாஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷர் ஒரு தடவையாவது பாயைப் பற்றிக் கேட்டாரே!

சொன்ன வார்த்தையை ஃபயாஸ் காப்பாற்றினார். சிறிது நேரத்தில் போன் வந்தது. "சார், பாய் வந்தாச்சு! மொதப் பாய் நம்ம பாய்தான் சார்!"

தியாகராசன் மைக்கைப் பிடித்தார். "இதோ வந்துவிட்டார்! நமது பாய், நம் அனைவருக்கும் முதல் பாய், கொடை வள்ளல் ஹமீது பாய் அவர்கள்! அனைவரும் எழுந்து வாசலைப் பார்த்துப் பலத்த கரகோஷம் எழுப்புமாறு..." வாசல் ரோட்டுப் பக்கம், மேற்கே இருந்தது. கடற்கரைக் கூட்டம் முழுவதும் எழுந்து மேற்கே திரும்பித் தட்டியது. மேளம் முழங்கியது. வரவேற்புக் குழு மாலையோடு ஓடியது. வாசலில் ஐஸ் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் முகத்தில் பன்னீர் தெளித்த பிறகுதான் குழுவுக்குச் சந்தேகம் வந்தது. அதற்குள் மாலை விழுந்துவிட்டது. அவர் பாவம், இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.

அதே நேரத்தில் கிழக்கே வினோதினி எல்லோருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டினாள். அவளுக்குக் கை தட்டியவர்கள் ஃபயாஸும், அவர் பக்கத்தில் கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு நின்ற ஒரு பெரியவரும். அவர்தான் ஹமீது பாய். வந்தவர் நேரே கடலைப் பார்க்கப் போய்விட்டார். அங்கே வந்து அவரைத் தேடவேண்டும் என்று கமிட்டியில் யாருக்குத் தோன்றும்?

குஞ்சம்மாளுக்கு மட்டும் மைக்கில் கேட்ட 'முதல் பாய்' எந்தப் பாய் என்று சந்தேகமே வரவில்லை. எழுந்தாள். மேடைப் படியில் மாலையும் மேளமும் அடைத்துக்கொண்டிருந்தன. திரும்பி, ஃபிளெக்ஸின் அடியைத் தூக்கி, தியாகராசனின் படத்துக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள். அதற்குள் படகு மணலில் ஏறிவிட்டது. மகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"பாத்தியாம்மா?"

"பாக்கலடி. மேடையில உக்கார வெச்சுட்டாங்க."

வினோதினி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டத்தோடு தியாகராசன் அப்போதுதான் வந்து சேர்ந்தார். ஈர மணல் தொடங்கும் இடத்தில் கவனமாக நின்றுகொண்டார். "சபாஷ் பாப்பா! ஆனா போட்டோ ஒண்ணும் எடுக்கல. இன்னொரு தடவ போயிட்டு வந்துரேன். இப்ப எல்லாரும் ரெடியா இருக்கோம்."

ஃபயாஸ் கொடிக் கம்பை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். நல்லவேளை, குஞ்சம்மாள் முந்திக்கொண்டாள். "போயிட்டு வாடி" என்றாள். "எனக்காவ ஒரு தடவ."

"பாருங்க, அம்மாவே சொல்றாங்க!" என்றார் தியாகராசன்.

வினோதினி கொப்புளம் போட்ட கையோடு மறுபடி பாயை ஏற்றினாள். ஃபயாஸ் படகைத் தள்ளிவிட்டார். மிதவையைச் சுற்றித் திரும்பி, காற்றை முழுசாக வாங்கிக்கொண்டு, படகு சாய்ந்த சாய்வில் அவள் கரையை நோக்கி வந்தாள். அப்பா, என்ன வரவு! கமிட்டி, வரவேற்புக் குழு, கயிறு இழுத்தவர்கள், கோலம் போட்டவர்கள், மாலை போட்டுக்கொண்ட லோடு ஆட்டோக்காரர் என்று கரையே திரண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றது. நின்று, ஒரே சமயத்தில் திரும்பியது. எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக் கைப்பேசியை உயரத் தூக்கிச் சிரித்தார்கள்.

அன்று நீங்கள் கடற்கரைக்கு வரவே இல்லையா? இருக்கட்டும். வேறு எந்தக் கடற்கரையில், எந்தத் தேரின் முன்னால், எந்தக் கல்யாணத்தில் எடுத்தது என்றாலும் சரி, உங்கள் படத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முகம் நன்றாக விழுந்திருக்கிறதா? ரொம்பச் சந்தோஷம். உங்கள் தோளுக்குப் பின்னால், முழங்கால் ஆழத்தில், நனைந்த புடவையோடு ஒருத்தி உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பாளே? அவளை வெட்டியெடுத்துவிட்டுத்தானே ஸ்டேட்டஸ் போட்டீர்கள்?