காற்றுக்குச் சாட்சி ஒரு தொப்பி

ஹார்லன் வெல்ஸ் ஊர்,
மேற்கு டெக்சஸ்.
1955 மே, செவ்வாய்க்கிழமை.

கலிஃபோர்னியாவில் ஆரஞ்சு மர நிழலில் உட்கார்ந்துகொண்டு ‘ஓட்டக்களம்’ மாத இதழை நடத்திவரும் மகா கனம் பொருந்திய ஆசிரியர் திரு. விட்லாக் அவர்கள் சமூகத்துக்கு, காற்றாலை பழுதுபார்க்கும் எல்வுட் ப்ரூட் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாயிருக்க வேண்டும் என்று எழுதச் சொன்னாள் என் மனைவி நாடீன். எழுதிவிட்டேன். நாங்கள் இங்கே சுகமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

இளநிலைக் கல்லூரிப் பையன்களில் இந்த வருஷம் நூறு கெஜத்தை மிக வேகமாக ஓடிய பத்துப் பேர் என்று தாங்கள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் என் மகன் டேல் பெயர் இல்லை. மேலிருந்து கீழே படித்தேன், இல்லை. கீழிருந்து மேலே படித்தேன், அப்போதும் இல்லை. ஒருவேளை தவறிப்போய்ப் பட்டியலுக்குக் கீழே இருக்கும் முதுகுவலித் தைல விளம்பரத்துக்குள் விழுந்திருக்குமோ என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் படித்தேன். தைலம் மூன்று அளவுகளில் கிடைக்கிறதாம், சந்தோஷம். அந்தப் பத்துப் பேருக்குத்தான் ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஓட்டத்துக்கு அழைப்பு வரும், அங்கேதான் பெரிய பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர்கள் வந்து பையன்களைப் பொறுக்கிக்கொண்டு போய்ப் படிப்பு, சாப்பாடு எல்லாம் தங்கள் பொறுப்பில் பார்த்துக்கொள்வார்கள். பதினோராவது பையனுக்கு என்ன கிடைக்கும்? எங்கள் வீட்டில் அவனுக்கு என் ஸ்பானர் பெட்டி கிடைக்கும். காற்றாலைக் கோபுரத்திலிருந்து நான் இரண்டு தரம் விழுந்திருக்கிறேன், இடது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் எழும்பாது. என் அப்பா ஒரே தரம்தான் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. ப்ரூட் குடும்பத்தில் ஒருத்தனாவது தரையில் ஓடிப் பிழைக்கட்டும் என்று பெற்றவன் நினைத்தால் அது பேராசையா? தாங்களே சொல்லுங்கள்.

மார்ச் மாதம் மாவட்டப் போட்டியில் என் மகன் நூறு கெஜத்தை ஒன்பதரை விநாடியில் ஓடினான். உலக சாதனைக்கு அது விநாடியில் பத்தில் இரண்டு பங்குதான் பின்னால். ஊரே எழுந்து நின்று கத்தியது. அப்போது எங்கள் ஊர்ப் பல் வைத்தியர் ஹோமர் ஸ்டிக்னி, நாலு கிண்ணம் வைத்துச் சுற்றும் காற்றளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகில் தள்ளும் காற்று விநாடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இருந்தால் ஓட்டம் செல்லாதாம், இவர் கருவி மூன்றைக் காட்டியதாம். யார் ஐயா போட்டது இந்தச் சட்டத்தை? அவர் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறாரா? இங்கே காற்று இரண்டு மீட்டருக்கு இறங்கினால் காற்றாலை நின்றுபோகும், மாடு தண்ணீருக்குக் கத்தும், பண்ணைக்காரன் ‘எல்வுட், உன் மிஷின் செத்துப் போச்சு’ என்று ஆள் அனுப்புவான். துணி காயப்போட என் மனைவி ஒரு சட்டைக்கு ஐந்து கவ்வி போடுகிறவள், அப்படியும் போன வருஷம் என் கால்சட்டையை அடுத்த பண்ணை முள்கம்பி வேலியில் போய் அவிழ்த்து வந்தோம். எனக்கு முப்பது வருஷமாகச் சோறு போட்ட காற்று, என் மகன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டது.

சரி, காற்றுதானே குற்றம், காற்றை மறித்துவிடுவோம் என்று ஏப்ரலில் எங்கள் ஊரிலேயே ஒரு போட்டி ஏற்பாடு செய்தோம். பண்ணைக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி மாடு ஏற்றும் லாரிகளைக் கொண்டுவந்து ஓடுதளத்தின் ஓரமாகவும் பின்புறமாகவும் மதில் மாதிரி நிறுத்தினேன். ஹோமரே பார்த்துவிட்டு ‘ஒண்ணரைதான் எல்வுட், பரவால்ல’ என்றார். துப்பாக்கி வெடித்தது. பையன்கள் பறந்தார்கள். வெடிச் சத்தத்தில் மிரண்ட கன்றுக்குட்டி ஒன்று, பாதித் தூரத்தில் நின்ற லாரியின் கதவை முட்டித் திறந்துகொண்டு குதித்து என் மகனுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. என் மகன் அதையும் துரத்திக்கொண்டுதான் ஓடினான். எல்லைக்கோட்டு நூலை முதலில் அறுத்தது கன்றுக்குட்டி, ஒரு முழம் பின்னால் டேல். போகட்டும், கன்றுக்குட்டிக்கு யாரும் மெடல் கொடுக்கப்போவதில்லை. ஆனால் எங்கள் நேரக் கணக்கர்கள் மூன்று பேரும் யார் தெரியுமா? வருஷம் பூராவும் கன்றுக்குட்டிக்குக் கயிறு வீசும் போட்டியில் நேரம் பார்க்கிறவர்கள். கன்று கோட்டைத் தாண்டியதும் மூன்று பேர் கட்டை விரலும் தானாக ஸ்டாப்வாட்ச்சை அழுத்திவிட்டது. ஒருத்தன்கூட என் மகனைப் பார்க்கவில்லை.

“யோவ், பையனுக்கு நேரம் எங்கய்யா?” என்று கேட்டேன்.

“பையனா? எந்தப் பையன்?” என்கிறான் க்ளீட்டஸ், இருபது வருஷமாக என் சர்ச்சில் என் பக்கத்திலேயே உட்காருகிறவன். “கன்னுக்குட்டி அருமையா ஓடிச்சு எல்வுட். யாரோட கன்னு அது?”

அந்த நேரத்தை நான் தங்களுக்கு அனுப்பவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். நான் நேர்மையானவன்.

மூன்றாவதாக, போன மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை. அப்படி ஒரு காலையை நான் இந்த ஊரில் கண்டதே இல்லை. இலை அசையவில்லை, தூசி எழும்பவில்லை, என் காற்றாலைகள் எல்லாம் சிலை மாதிரி நின்றன. படுத்திருந்த எல்லாரையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். கன்றுக்குட்டி கிடையாது, லாரி கிடையாது. டேல் ஓடினான். மூன்று கடிகாரமும் ஒரே வாயாக ஒன்பதரை என்றன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. நடந்ததைக் கேளுங்கள்.

“எழுதுங்க ஹோமர், காத்து சைபர்னு.”

“கிண்ணம் சுத்தவே இல்லையே எல்வுட்.”

“காத்து இல்ல, அதான் சுத்தல.”

“இந்த ஊர்ல காத்து இல்லன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒருத்தன் என்கிட்ட வாயைத் திறப்பானா? கருவி கெட்டுப் போச்சு.”

நான் குனிந்து வாயால் ஊதிக் காட்டினேன். நாலு கிண்ணமும் ஜோராகச் சுற்றின. “பாருங்க, இப்பதான் சரியாச்சு” என்கிறார் அந்த மனிதர். “அப்ப பையன் ஓடினப்போ கெட்டுத்தானே இருந்திருக்கு?” அப்படியே எழுதியும் கொடுத்துவிட்டார், கருவி பழுது என்று. தாங்களும் ‘காற்றின் அளவு இல்லாத ஓட்டத்தைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று இரண்டு வரி தட்டி அனுப்பிவிட்டீர்கள். காற்று அடித்தாலும் செல்லாது, அடிக்காவிட்டாலும் செல்லாது. பின்னே என் மகன் எதில்தான் ஓடுவது ஐயா, தண்ணிக்குள்ளயா?

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். ஆனால் தங்கள் பட்டியலில் பத்தாவது இடத்தில், ஒன்பது புள்ளி ஆறு விநாடி என்று, அடுத்த ஊர் பிரைஸ்டன்காரன் ராய்ஸ் டாகெட் பெயரைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அவன் அப்பன் என்னிடம் காற்றாலை வாங்காமல் கரண்ட்டு மோட்டார் வாங்கினவன், அந்த வம்சமே அப்படித்தான். இவனுக்கு மட்டும் காற்று அளவோடு அடித்ததா? அடிக்கவில்லை! என்னிடம் சாட்சி இருக்கிறது. அன்றைக்கு என் மகள் வெல்டா, பிரைஸ்டனில் பீச் பழக் கேக் போட்டிக்குப் போனவள், போகிற போக்கில் ஓட்டத்தையும் பார்த்திருக்கிறாள். அவள் தலையிலிருந்த தொப்பி பறந்து போய், ஓடிக்கொண்டிருந்த டாகெட்டுக்கு முன்னாலேயே எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்திருக்கிறது. தொப்பியை முந்த முடியாதவன் பத்தாவது என்றால் தொப்பி ஒன்பதாவதா?

“ஓடி முடிச்சதும் அவரே தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாருப்பா” என்றாள் வெல்டா.

“அந்தப் பயலுக்கு என்னடி அவரு இவரு?”

“மரியாதையாப் பேசணும்னு சொல்லிக் கொடுத்தது நீங்கதானேப்பா.”

நல்ல பெண். அப்பனுக்காக எதிரியைப் பற்றி அப்படித் துப்பு சேகரித்து வைத்திருக்கிறாள். அவன் என்ன அளவு காலணி போடுகிறான், எந்த ஞாயிறு எந்த சர்ச்சில் பாடுகிறான், சோளரொட்டிக்கு வெண்ணெய் வைத்துக்கொள்வானா பாகு ஊற்றிக்கொள்வானா, எல்லாம் அத்துபடி. அவளுக்கு இருக்கும் அக்கறையில் கால்வாசி என் மகனுக்கு இல்லை. “அப்பா, விடுங்க. டாகெட் நல்லா ஓடுறவன்” என்கிறான். “அவன் என்னடா, உனக்கு மச்சானா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டான். இப்படிப்பட்ட சாதுவுக்கு அப்பன்தான் கத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள்வது என்னவென்றால், ராய்ஸ் டாகெட் என்பவனைப் பட்டியலிலிருந்து உடனே அடித்துவிட்டு அங்கே என் மகன் டேல் ப்ரூட் பெயரைப் போட வேண்டியது. சாட்சியான தொப்பியை, நீல ரிப்பன் வைத்த வைக்கோல் தொப்பி, தனிப் பொட்டலமாக நேற்றே தபாலில் அனுப்பிவிட்டேன். அதை மேசைமேல் வைத்து எத்தனை லேசாக இருக்கிறது என்று தாங்களே பார்த்து நியாயம் செய்யவும். செய்யாவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து சந்தாவை நிறுத்திவிடுவேன், சர்ச்சில் தங்களுக்கு எதிராகப் பிரார்த்தனையும் செய்வேன்.

தங்கள் ஆரஞ்சு மரங்கள் கிளை முறியக் காய்க்கட்டும், தங்கள் வீட்டுக் கிணறு வற்றாமல் இருக்கட்டும், தங்கள் பிள்ளைகள் எந்தக் கோபுரத்திலும் ஏறாமல் பிழைக்கட்டும். இவையெல்லாம் என் மகன் பெயர் அச்சில் வந்த மறுநாளிலிருந்து.

இப்படிக்கு,
கொதிப்புடன்,
எல்வுட் ப்ரூட்

பின்குறிப்பு: மேற்கண்டதை எழுதி முடித்து உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, வெல்டா வீட்டையே தலைகீழாகப் புரட்டித் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். கலிஃபோர்னியா போயிருக்கிறது என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். “அதைப் போட்டுக்கிட்டுதாம்ப்பா கல்யாணம்!” என்றாள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்த நாடீன் திரும்பாமலே, “உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது. மாப்பிள்ளை டாகெட் பையன்” என்றாள். டேல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும்.

“தொப்பி பறந்துச்சுன்னு சொன்னியேடி?” என்றேன்.

“அன்னிக்குக் காத்தே இல்லப்பா. அவர் முன்னால வந்ததும் சந்தோஷம் தாங்காம நான்தான் கழட்டி வீசினேன். டாகெட்டுக்காக வீசினேன்னு உங்ககிட்ட சொல்ல முடியுமா?”

ஆக, பிரைஸ்டனில் அன்று காற்று இல்லை, ஓட்டம் செல்லும். யார் சொல்லி அனுப்பினார்களோ, இதற்குள் அந்தப் பையனே லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வாசலிலேயே நின்று, “ஐயா, காத்து அடிச்சுதுன்னு நானே எழுதிக் கொடுத்துடறேன். என் இடம் டேலுக்குப் போகட்டும்” என்றான். “எழுதினே, கையை ஒடிச்சிருவேன்” என்றான் என் சாது. “நீ ஓடினது ஓடினதுதான்டா.” எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆகையால் தங்கள்மேலேயே வைத்துக்கொள்கிறேன். இப்போது டாகெட் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சோளரொட்டி தின்கிறான், பாகு ஊற்றித்தான்.

தொப்பியைத் திருப்பி அனுப்பிவிடவும், ஜூலையில் கல்யாணம். ராய்ஸ் டாகெட்டை அடிக்க வேண்டாம், அவர் எங்கள் மாப்பிள்ளை. ஆனால் ஐயா, பட்டியலில் பத்துப் பேர்தான் இருக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தத் தைல விளம்பரத்தை ஒரு விரற்கடை கீழே தள்ளினால் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். என் மகன் பெயர் சின்னப் பெயர்தான்.