கப்பலை ஆவணிக்குத் தள்ளி வைக்கவும்

ஸ்ரீபெரும்புதூர்,
20-7-1991 (ஆடி 4, சனிக்கிழமை)

அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேல் எங்கேயோ இருக்கும் அன்பு மாப்பிள்ளை இளம்பரிதி அவர்களுக்கு, தரையில் இருக்கும் மாமனார் கோதண்டம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை செல்லம்மாள், உங்கள் மனைவி பிரவீனா, என் அக்கா மீனம்மாள் எல்லோரும் சுகம். அங்கே கப்பல் சுகமா? கப்பல் சுகமாக இருந்தால்தான் அதில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் நீங்கள் சுகமாக இருக்க முடியும் என்பதால் அதை முதலில் விசாரித்தேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. அசோரஸ் தீவுகளில் ஆகஸ்ட் ஐந்து முதல் ஏழு நாள் கப்பல் தீவு தீவாகப் போய்ச் சரக்கு இறக்கும், அந்த ஏழு நாளும் மனைவி கூட இருக்கலாம் என்று கேப்டன் அனுமதித்திருக்கிறார், டிக்கெட்டைக் கப்பல் கம்பெனியே அனுப்பும், வருகிறாளா இல்லையா என்று ஒரு தந்தி அடித்தால் போதும், இதை விட்டால் அடுத்த தை மாதம்தான் லீவு என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் உரக்கப் படித்தேன். நடுவில் ஏழெட்டு வரியைப் பிரவீனா ஓடிவந்து கையால் மறைத்துவிட்டாள். அவற்றை நான் படிக்கவில்லை, செல்லம்மாள்தான் பிறகு படித்தாள். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது பத்தொன்பது நாள். இது என் கணக்கு இல்லை, காலண்டரில் பென்சிலால் பிரவீனா வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்தப் பயணத்தை எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. எனக்கு வேகம் வந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் கல்யாணப் பந்தல் விழுந்தபோதே உங்களுக்குத் தெரியும்.

முதலில் அட்லஸை எடுத்தேன். சமுத்திரத்துக்கு நடுவே ஒன்பது புள்ளி இருந்தது. எறும்பு என்று நினைத்து செல்லம்மாள் முந்தானையால் இரண்டு முறை துடைத்துப் பார்த்தாள், போகவில்லை, அதுதான் தீவு என்று முடிவு செய்தோம். அத்தனையும் எரிமலை என்றதும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. "வெடிக்கறதுக்கு முன்னாடி உங்க கம்பெனி பாய்லரு மாதிரி விசிலாவது குடுக்குமா?" என்று கேட்டாள். 1957-ல் ஒரு தீவில் வெடித்துப் பதின்மூன்று மாதம் புகைந்ததாம் என்று நீங்கள் எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பதில், மண்ணுக்குள் பானையைப் புதைத்துவிட்டால் எரிமலைச் சூட்டில் தானாகவே வெந்துவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் மறுபடி படித்தேன். உடனே அவளுக்கு எரிமலை பிடித்துப் போய்விட்டது. "கெரசின் கியூவே இல்லாத ஊரா?" என்றாள். அன்று சாயந்திரமே பொங்கல் பானையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை, ஸ்டோர்ஸ் இன்சார்ஜாக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். பிளான் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டதில்லை. ஆகவே எங்கள் கம்பெனியில் புரொடக்‌ஷன் சார்ட் போடுகிற பெரிய தாளில் ஒன்று கிழித்துக்கொண்டு, டிரான்ஸ்போர்ட் பார்க்கிற அன்புவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். தண்டலம் கூட்ரோட்டில் ஐந்து நாற்பதுக்கு பஸ் என்றால் ஐந்து நாற்பதுக்கு நிற்க வைக்கிற ஆள் அவன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒம்போது தீவு, ஏழு நாளு. ஒரு தீவுக்குப் பதினெட்டு மணி நாப்பது நிமிஷம் வருது சார். டீ டைம் சேக்கல" என்றான். கப்பல் ஒன்பது தீவுக்கும் போகாதப்பா, நாலுக்குத்தான் போகும் என்றேன். "அப்ப மீதி அஞ்சு தீவுல கீறவன் எப்பிடி சார் டூட்டிக்கு வருவான்?" என்று கேட்டான். இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும், அவன் தினமும் கேட்கிறான். எப்படியோ திங்கள் ஏரி, செவ்வாய் வெந்நீர் ஊற்று, புதன் பானை புதைத்தல், வியாழன் எரிமலை உச்சி (முழங்கால் வலிக்காரர்கள் அடிவாரம்) என்று ஏழு நாளையும் கலர் பென்சிலால் நிரப்பி, கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அந்த அழகை மூன்று நாள்தான் அனுபவிக்க முடிந்தது. நாலாம் நாள் அக்கா மீனம்மாள் வந்தாள்.

அக்காவுக்குத் தீவு தெரியாது, தேதி தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சார்ட்டின் கிட்டே போனாள். "இது இன்னா தேதிடா?"

"ஆகஸ்ட் அஞ்சுக்கா."

நாள்காட்டியில் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். "ஆடி இருவது" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தல ஆடிடா இது. ஆடியில புதுப் பொண்ணைக் கூட்டிக்கினு வந்து ஆத்தா வூட்ல வெப்பாங்களா, கூட்டிக்கினு போயி எரிமலையில வுடுவாங்களா? சித்திரையில புள்ள பொறந்தா அந்த வெயிலுக்கு யாரு பதிலு சொல்றது?"

பிரவீனா விட்டுக்கொடுக்கவில்லை. "அத்தை, அங்க ஆடியே கெடையாது. வெறும் ஆகஸ்ட்தான்."

"ஆடி இல்லாத ஊரு எங்கடி கீது?"

நான் நடுவில் புகுந்து, அங்கே நேரம் நம்மைவிட ஐந்தரை மணி பின்னால் என்று விஞ்ஞானமாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப அங்க ஆடி முடியறதுக்கு இன்னும் லேட்டாவும்" என்று சொல்லிவிட்டாள். நான் அவளுக்கு ஆறு வயது இளையவன். சார்ட்டை நானே என் கையால் சுவரிலிருந்து உரித்தேன். அப்போது பிரவீனாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க, சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறு வாரமே மெட்ராஸில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள், காலையில் போனால் சாயந்திரம் வருகிறாள். அவள் அம்மாவும் துணைக்குப் போகிறாள். பாவம், மனசை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இருக்கிறாள். கெட்டிக்காரக் குழந்தை.

ஆனால் நான் விட்டுவிடுகிற ஆளா. அக்கா சொன்னது ஆடி கூடாது என்றுதானே, ஆவணி கூடாது என்று இல்லையே. ஆகவே 'ஆடியில் வர இயலாது, ஆவணியில் வருகிறோம், கப்பலை நிறுத்தவும்' என்று தந்தி எழுதி செல்லம்மாளிடம் கொடுத்து, தபாலாபீசில் இங்கிலீஷ் ஆக்கி அடிக்கச் சொன்னேன். கிடைத்திருக்கும். வருகிறோம் என்று பன்மையில் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. பெண்ணை முதன்முதலாகப் புருஷன் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுவது எங்கள் கடமை. உங்கள் இடம் கப்பல் என்பதால் கப்பலில் விட வேண்டியதாகிறது. நான், செல்லம்மாள், பிரவீனா என்றால் மூன்று பேர். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பதால், மனசே இல்லாமல்தான் என்றாலும் அக்கா நாலாவதாக வரச் சம்மதித்திருக்கிறாள். ஜன்னல் ஓரம் வேண்டும் என்கிறாள்.

வெறும் கையோடு விட முடியுமா? அண்டா ஒன்று, குத்துவிளக்கு இரண்டு, பாய், தலையணை, பொங்கல் பானை, முறுக்கு இரண்டு டின். விமானத்தில் இருபது கிலோதான் என்று கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்டோர்ஸ் தராசில் வைத்தேன். எண்பத்தாறு கிலோ. இது சின்ன விஷயம். வெளியே எடுக்கும்போது கேட்டில் செக்யூரிட்டி கண்ணப்பன் மறித்துக்கொண்டான். "சார், அண்டா உள்ள வந்ததுக்கு எண்ட்ரி இல்ல. வெளிய போவணும்னா கேட் பாஸ் வோணும்." அந்தச் சட்டத்தைப் போட்டதே நான். சரி என்று நானே பாஸ் எழுத உட்கார்ந்தேன். அதில் ஒரு கட்டம் இருக்கிறது மாப்பிள்ளை, திரும்பி வரும் பொருளா, திரும்பாத பொருளா என்று. வரும் என்றால் தேதி போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பெண்ணோடு போகிற சீர் திரும்பி வரும் என்று அப்பன் கையால் எப்படி எழுதுவது? கண்ணப்பன் எட்டிப் பார்த்து, "போறது பொண்ணா சார்? அப்ப திரும்பாததுன்னு போடு. ஆனா அதுக்கு எம்.டி. கையெழுத்து வோணும்" என்றான். அவனுக்கும் இரண்டு பெண்கள். எம்.டி. ஜெர்மனி போயிருக்கிறார். சீர் இப்போது கேட் ரூமில் இருக்கிறது. முறுக்கு டின் ஒன்று எடை குறைந்துகொண்டே வருவதாகத் தகவல்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் செய்ய வேண்டியது சின்ன உதவிதான். கேப்டனைத் தனியாகப் பார்த்து, ஆடி என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கி, அந்த ஏழு நாள் சுற்றை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லவும். சரக்கு கெட்டுப்போகிற சரக்கு இல்லை என்றால் ஒத்துக்கொள்வார். அவரும் பெண்ணைப் பெற்றவராக இருந்தால் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்காது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் செல்லம்மாளிடமே கொடுக்கிறேன், அவள் கையில் கொடுத்தால் காரியம் நடக்கும்.

உங்கள் விளக்குகள் அணையாமலும், உங்கள் வயர்கள் உரசாமலும், எந்தத் தீவும் உங்கள் பக்கம் இருமாமலும் இருக்க மனமார வாழ்த்தும்,
அன்பு மாமனார்,
கோதண்டம்.

பின்குறிப்பு:
3-8-1991, மீனம்பாக்கம் விமான நிலையம்.

மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கேப்டனிடம் ஆடியைப் பற்றிப் பேசவும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைச் செல்லம்மாள் தபாலில் போடவே இல்லை. இப்போதுதான் பிரவீனாவின் கைப்பையில் பார்த்தேன், இனி அவள் கையாலேயே வந்து சேரும். அம்மாவும் பெண்ணும் மெட்ராஸில் படித்தது கம்ப்யூட்டர் இல்லை, விசா ஏஜெண்டின் வாசற்படி. நான் எழுதிக்கொடுத்த தந்தியும் போகவில்லை. அதற்குப் பதில் போன தந்தியில் 'வருகிறாள்' என்று ஒரே வார்த்தையாம். இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸில் ஒரு வாஷர் குறைந்தாலும் கண்டுபிடித்த எனக்கு, வீட்டை விட்டு ஒரு பெண்ணே கிளம்பப் போவது நேற்றுச் சாயந்திரம்தான் தெரிந்தது.

அக்காவிடம் யார் சொல்வது என்று மூன்று பேரும் முழித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்துவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். பிரவீனாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "நானும் தல ஆடின்னு நல்ல புள்ளையா ஆத்தா வூட்ல குந்திக்கினு இருந்தவதான்டா. ஆவணி பொறந்து அஞ்சாம் நாளு அவரு போய்ச் சேந்துட்டாரு. போவட்டும் வுடு. சித்திரையில பொறந்தா ஒரு டேபிள் பேன் வாங்கிக்கினா போவுது." இன்று காலை அவளே வந்து பிரவீனா தலையில் பூ வைத்துவிட்டாள். வழியனுப்ப நாங்கள் மூன்று பேர்தான் வந்திருக்கிறோம், மூன்று பேர் என்பதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சீர் எல்லாம் கேட் ரூமிலேயே இருக்கிறது, தையில் நீங்கள் வரும்போது கொடுக்கிறேன். இப்போது வருவது இந்தப் பெண் ஒன்றுதான். ஏழு நாள் என்று டிக்கெட் சொல்கிறது. ஆனாலும் பழக்கம் விடுகிறதா, கவுண்டர் ஓரம் நின்று ஒரு கேட் பாஸ் எழுதி அவள் பையில் வைத்திருக்கிறேன். பொருள்: பிரவீனா, எண்ணிக்கை ஒன்று. நிலை: புதிது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பி வரும் தேதியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.