உன் மாமா விமானத்தை வெறும் கண்ணால் தரையிறக்கிய வரலாறு

கடல் கடந்து போனாலும் எங்கள் வீட்டுப் பேச்சை விட்டுப் போகாத அக்கா மகளுக்கு, உன் ஒரே தாய்மாமன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அத்தையும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, வாண்டு மூவரும் சுகமா என்று கேட்பது முறை. ஆனால் நேற்றுத்தான் ஃபோனில் உன் பல்வலியை மேல்வரிசை, கீழ்வரிசை என்று பிரித்துப் பிரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதால் அந்த வரியை மிச்சம் பிடித்துவிட்டேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் சொல்லப்போவது எவரும் நம்பாத கதை. ஃபோனில் சொன்னால் நடுவில் நீ சிரித்துக் கெடுப்பாய், பக்கத்திலிருந்து உன் அத்தை வரிக்கு வரி திருத்துவாள். காகிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. நீ நம்ப மாட்டாய், மாப்பிள்ளை நம்ப மாட்டார், இதை எழுதுகிற பேனாவே இரண்டு முறை நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன்: போன சனிக்கிழமை உன் மாமன், டவுன் பஸ்ஸில் ஆயுள் முழுக்க டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற இதே கண்டக்டர், ஒரு ஜெட் விமானத்தை, வழிகாட்டும் கருவி ஒன்றுகூட இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்தே தரையில் இறக்கினேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் உன் அத்தையின் பயம். நீ மூன்று முறை கூப்பிட்டும் நாங்கள் வராததற்கு ஒரு தடவை முட்டிவலி, ஒரு தடவை வீட்டுக்கு வெள்ளையடிப்பு, ஒரு தடவை பூனைக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னோமே, அத்தனையும் புளுகு. பூனை அன்றைக்குக் குதிரை மாதிரி இருந்தது. அவளுக்கு விமானம் என்றாலே உதறல். வெளியே சொல்ல வெட்கம். நானும் குடும்ப மானம் கருதி மூடி மறைத்தேன். ஆனால் போன வாரம் நீ, "மாமா, இந்த வாண்டு உங்க ரெண்டு பேரையும் ஃபோனுக்குள்ள குடியிருக்கிற சாண் உயர ஆளுங்கன்னு நெனச்சிட்டிருக்கா. இந்தத் தடவையும் வரலேன்னா இனிமே நான் உங்கள இங்க கூப்பிடவே மாட்டேன்" என்று சொல்லி ஃபோனை வைத்தாயே, அன்றைக்கு உன் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அணைந்து போன ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவே மாட்டேன் என்று நீ சொன்னால் கூப்பிடமாட்டாய் என்பது உன்னை வளர்த்த எங்களுக்குத் தெரியாதா.

அப்போதுதான் என் மூளையில் அந்த மாபெரும் யோசனை உதித்தது. உன் அத்தை ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் ஒரு பிள்ளை வருகிறானே, அவனுடைய அப்பா பழைய விமானி. மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் விமானம் ஓட்டக் கற்றுத்தருகிற இடத்தில் இப்போது பயிற்சியாளராக இருக்கிறார். நிஜ விமானம் இல்லை. விமானத்தின் தலையை மட்டும் கழுத்தோடு வெட்டி எடுத்து, ஒரு கொட்டகைக்குள் இரும்புக் கால்களில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறி உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வெளியே வானம், மேகம், ஓடுபாதை எல்லாம் படமாக வரும், ஆட்டினால் ஆடும், சாய்த்தால் சாயும். பொய் விமானம்தானே என்று சிரிக்காதே. நிஜ விமானம் விழுந்தால் பேப்பரில் ஒரு நாள் வரும். பொய் விமானம் விழுந்தால் உன் அத்தை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள்.

"இது தரையிலதானே நிக்குது?" என்று கேட்டாள்.

"ஆமாங்க," என்றார் பயிற்சியாளர்.

"அப்புறம் எதுக்கு பெல்ட்டு?"

"பழக்கத்துக்குத்தான்."

"தரையில நிக்கிறதுக்கே பெல்ட்டு கேக்குது. மேல போனா என்னென்ன கேக்குமோ."

இப்படி முனகிக்கொண்டே பின்னால் இருந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, அது போதாதென்று தோளில் கிடந்த துண்டாலும் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். துண்டு என்னுடையது. நான் முன்னால் விமானி ஆசனத்தில் அரசன் மாதிரி அமர்ந்தேன். பக்கத்தில் பயிற்சியாளர். வேன் ஓட்டுவது வேறு, விமானம் ஓட்டுவது வேறு என்று உன் அத்தைக்கு நான் எடுத்துச் சொன்னதை இங்கே விரிக்கவில்லை. பயிற்சியாளர் கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். இது நேராக வருகிறாயா என்று சொல்லும், இது உயரம் சொல்லும், இது இறங்கும் சரிவைக் கோடு போட்டுக் காட்டும். உன் அத்தை பின்னாலிருந்து வக்கீல் மாதிரி குறுக்கிட்டாள்.

"இதெல்லாம் கெட்டுப்போனா?"

"கெட்டுப்போகாதுங்க."

"எங்க வீட்டு மிக்ஸிக்காரனும் அதான் சொன்னான். கெட்டுப்போனா?"

"பைலட் கண்ணால பாத்து எறக்கிடுவாரு."

"கண்ணால பாத்தா? அவ்வளவு பெரிய வண்டியவா? சரி, எல்லாத்தையும் அணைங்க. முன்னால உக்காந்திருக்கிற இந்த ஆளு கருவி இல்லாம எறக்கிக் காட்டட்டும். எறக்கிட்டா இன்னைக்கே டிக்கெட் போட்டுடலாம். இல்லேன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடணும்."

பார்த்தாயா, உன் வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதும் மிதிக்காததும் அந்த ஒரு இறக்கத்தில் வந்து நின்றது. பயிற்சியாளர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அணைத்தார். "ஓடுபாதைய மட்டும் பாருங்க. நெட்டையா நிமிந்து நின்னா ரொம்ப ஒசரத்துல வர்றீங்க. சப்பையா தெரிஞ்சா ரொம்பத் தாழ வர்றீங்க. கண்ணாடியில ஒரே எடத்துல அசையாம நின்னு, பெருசாகிட்டே வந்தா சரியா வர்றீங்க. அவ்வளவுதான் விஷயம்," என்றார். அவ்வளவுதானாம். சமுத்திரத்தில் தண்ணீர் இருக்கும், நீந்தினால் அக்கரை, அவ்வளவுதான் என்கிற மாதிரி.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கவேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டினால் டிரைவர் கிளம்புவார், ஒன்று தட்டினால் நிறுத்துவார், ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது. வேலை முடிந்த பிறகும் அது எங்களை விடவில்லை. இன்றைக்கும் எங்கள் காரில் பக்கத்தில் இருப்பவர் தட்டுவார், ஓட்டுகிறவர் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவார்.

இறக்கத்தைத் தொடங்கினேன். வானம் இருண்டது. இடி இடித்தது. இடது பக்க இன்ஜின் கிழவன் மாதிரி இருமியது. என் முதுகுக்குப் பின்னால் முந்நூறு பயணிகள். அங்கே கொட்டகைச் சுவர்தான் இருந்தது என்றாலும், அவர்களுடைய குழந்தை குட்டிகள், கடன்காரர்கள் எல்லாரும் என் கண்முன் வந்து போனார்கள். ஓடுபாதை ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது. உயரம் அதிகம். விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினேன். விமானம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகப் பாய்ந்தது. தரை எங்களைப் பார்க்க ஓடி வந்தது. உன் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள், மீசையெல்லாம் வேர்த்து (அடித்துவிட்டேன், மேலுதடெல்லாம் என்று படிக்கவும்) என் ஆசனத்தின் முதுகில் ஓங்கித் தட்டினாள். ஒரு தட்டு இல்லை. இரண்டு தட்டு.

இரண்டு தட்டு விழுந்தால் எங்கள் வீட்டில் யோசிக்கிற வழக்கமே இல்லை. கை தானாகப் போய் வேகத்தை முழுக்கத் தள்ளியது, மூக்கைத் தூக்கியது. ஓடுபாதையைத் தொட்டும் தொடாமலும் விமானம் உறுமிக்கொண்டு மறுபடி வானத்துக்கே ஏறிவிட்டது. பயிற்சியாளர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"ரெண்டு தட்டு விழுந்துச்சே."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், பின்னால் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்தார். "எதுக்கு ஏத்துனீங்களோ தெரியாது. ஆனா ஏத்துனது ரொம்ப சரி. நெதானம் தப்பி வரும்போது விடாப்பிடியா எறக்கக் கூடாது. மேல போய் ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப வரணும். நெஜ பைலட்டுங்களும் அதான் பண்ணுவாங்க," என்றார்.

பின்னாலிருந்து உன் அத்தையின் குரல், மெதுவாக: "இருங்க, இருங்க. கீழ வர ஆரம்பிச்சுட்டா வந்துதான் ஆகணும்னு இல்லையா? பிடிக்கலேன்னா திரும்ப மேல போயிடலாமா?"

"தாராளமா."

"எத்தனை தடவை வேணாலும்?"

"எண்ணெய் இருக்கிற வரைக்கும்."

"ஸ்டாப்பைத் தவறவிட்ட பஸ்ஸு சுத்திட்டு வர்ற மாதிரியா? இத்தனை வருஷமா ஒருத்தர்கூட இதை எங்கிட்ட சொல்லலியே!"

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். துண்டை அவிழ்த்தாள். எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அடுத்த சுற்றில் நடந்ததை எந்த விமான நிலையமும் கேட்டிருக்காது. டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்கிற அதே தோரணையில் ஆரம்பித்தாள்: "வரட்டும், வரட்டும்... லேசா இடது ஒடி... போதும், நேராக்கு... நெட்டையா தெரியுது, எறக்கு... சப்பையாகுது, தூக்கு, தூக்கு... ஆங், அப்படியே, அசையாம நிக்குது பாரு... வரட்டும்..." பயிற்சியாளருக்கு அங்கே வேலை இல்லை. ஓடுபாதை கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்று, பெரிதாகி, இன்னும் பெரிதாகி, கண்ணாடி முழுக்கப் பரவியது. மூக்கை ஒரு விரல் அளவு தூக்கி, வேகத்தை விட்டேன். சக்கரம் தரையைத் தொட்டது. தூங்குகிற எறும்பு புரண்டுகூடப் படுத்திருக்காது. ஒரு தட்டு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். நின்றது.

உன் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"போடு டிக்கெட்டை," என்றாள்.

ஆகவே, அருமை மருமகளே, அடுத்த மாதம் முதல் வாரத்தில் நாங்கள் வருகிறோம். மெத்தை கெட்டியாக இருந்தால் போதும். வாண்டுக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. சத்தம் போடுகிற பொம்மை வாங்கக் கூடாது என்று நீ எழுதுவதற்கு முன்பே இரண்டு வாங்கியாயிற்று.

உன் பல் வலி நீங்கவும், மாப்பிள்ளைக்கு இருக்கிற தலைமுடி இருந்தபடியே நிலைக்கவும், வாண்டு ஓடி ஓடி உங்கள் இருவர் இடுப்பையும் ஒடிக்கவும் ஆகாயத்திலிருந்து ஆசி வழங்கும்,

வானம் வென்ற உன் மாமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அத்தை இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்ததில் பூனை அலமாரி மேல் ஏறிவிட்டது. இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், தப்பிக்க வழியில்லை. மேலே பயப்பட்டது யார், யோசனை யாருடையது, ஓட்டியது யார் என்று வருகிற இடங்களிலெல்லாம், 'நான்' என்று இருந்தால் 'உன் அத்தை' என்றும், 'உன் அத்தை' என்று இருந்தால் 'நான்' என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். முட்டிவலியும் வெள்ளையடிப்பும் பூனையும் நான் சொன்ன சாக்கு. எனக்காக மூடி மறைத்தவள் அவள். அன்றைக்குச் சோறு இறங்காதது எனக்கு. இடி கிடையாது, மின்னல் கிடையாது, நல்ல வெயில். இன்ஜின் இருமவில்லை, இருமியது பயிற்சியாளர். எறும்பு எழுந்து ஓடியிருக்கும். விமானம் மூன்று முறை எம்பிக் குதித்து, புல்லில் கொஞ்ச தூரம் போய், அப்புறம்தான் நின்றது. விமானி ஆசனத்தில் என் கை பட்ட ஒரே இடம் அதன் முதுகு.

அப்படியானால் இதில் எதுதான் நிஜம் என்று கேட்பாய். நாங்கள் வருகிறோம் என்று எழுதியிருக்கிறேனே, அது ஒன்றுதான். அந்த வரியை மட்டும் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுப் படி. வந்து இறங்கப்போவது அதே இரண்டு பேர்தான்.