பதினைந்தடிக் கோலும் ஏழாம் எண் நூலும்

எனக்கு நேர்ந்த அநீதிகளை நேர்ந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறினால் நியாயமும் மாறிவிடும்.

முதல் அநீதி, 1938. என் தந்தை ஸ்பே ஆற்றில் ஒரு சால்மன் மீனைப் பிடித்தார். ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மீன் தன்பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டும் பண்ணையார் ஸ்ட்ராகனுக்குச் சொந்தம் என்றார்கள். தந்தை பதினான்கு நாள் உள்ளே இருந்தார். மீனைப் பண்ணையார் வீட்டில் சாப்பிட்டார்கள்.

இரண்டாவது, 1956. விஸ்கி பீப்பாய்ப் பட்டறையில் வேலைநிறுத்தம். நான் எழுதிய துண்டுப் பிரசுரத்தை முதலாளி கடைசி வரி வரை படித்துவிட்டு என்னை வேலையிலிருந்து நீக்கினார். தோழர்கள் யாரையும் நீக்கவில்லை. அவர்கள் அதைப் படிக்கவில்லை.

மூன்றாவது, 1967. நகரசபைத் தேர்தல். எனக்குப் பதினோரு ஓட்டு. என்னோடு மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பத்துப் பேர். என்னையும் சேர்த்தால் பதினொன்று. என் மனைவி எஃபி மேடையில் உட்காரவில்லை.

நான்காவது அநீதி ஆண்டுதோறும் நடந்தது. பிப்ரவரி பதினொன்றாம் தேதி மீன்பிடிப் பருவம் திறக்கும். ஊர் கரையில் கூடும். பேக்பைப் வாசிப்பார்கள். ஆற்றில் ஒரு குவளை விஸ்கி ஊற்றுவார்கள். பிறகு தூண்டிலின் முதல் வீச்சு. அதை வீசுகிறவர் அந்த ஆண்டு முழுவதும் ஊரில் ஒரு பெரிய மனிதர். இருபத்திரண்டு ஆண்டுகளாக வீசியவர் அந்தப் பண்ணையாரின் மகன், கர்னல் ஸ்ட்ராகன். ஒரு தடவைகூட அவர் தூண்டிலில் மீன் விழுந்ததில்லை. கைதட்டல் மட்டும் குறைந்ததில்லை.

ஐந்தாவது அநீதி என் வீட்டுக்குள் நடந்தது.

1983 மார்ச்சில் ஊர் மீன்பிடிச் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. நான் எழுந்து தீர்மானம் படித்தேன். இனி முதல் வீச்சு பரம்பரைக்கு அல்ல. முந்தைய பருவத்தில் மிகக் கனமான மீனைப் பிடித்த உறுப்பினருக்கு. பதவி, நிலம், மதம், ஆண் பெண் என்ற பேதம் பாராமல். பிடித்த விவரங்கள் இருக்கும் பதிவேடு பருவம் முழுதும் செயலாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்க வேண்டும், கர்னலின் ஆட்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. வென்றவரின் பெயரைத் திறப்பு நாளில் சாட்சிகள் முன் உரக்கப் படிக்க வேண்டும். ஒருவர் அனுமதிச் சீட்டில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாது.

மொத்தம் ஏழு விதி. எல்லாம் என் கைப்பட எழுதியவை.

பின்வரிசையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எஃபி கெட்டிலை நிறுத்தினாள்.

"மர்டோ, அந்த ஆண் பெண்ணுன்னு வருதே, அத இன்னொரு தடவ படி."

படித்தேன். எல்லோரும் கை தூக்கினார்கள். என் மனைவியே என் கொள்கையைக் கவனிக்கத் தொடங்கிவிட்டாள் என்று நெஞ்சு நிறைந்தது. இருபத்தேழு வருட உழைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி எனக்கு வேண்டியது ஒரே ஒரு கனமான மீன். அதற்கு ஒரு நல்ல தூண்டில் கோல். என்னிடம் இருந்தது மரக்கோல், பன்னிரண்டடி, மூன்று இடத்தில் கட்டுப் போட்டது. எங்கள் ஊர் ஆறு அகலமானது. இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் மரத்தில் மாட்டாமல், நீரின் மேலேயே நூலைச் சுழற்றி அக்கரைப் பக்கம் எறிய வேண்டும். அதற்குக் கார்பன் கோல்கள் வந்திருந்தன.

எஃபியிடம் பேச்சை எடுத்தேன்.

"ஒரு கோல் வாங்கலாம்னு பாக்குறேன்."

"இருக்கிற கோலுக்கு என்ன?"

"அது செத்துப் பத்து வருஷம் ஆச்சு."

"நம்ம வீட்டுக் கூரையும்தான் செத்துக் கிடக்கு. மொதல்ல அத அடக்கம் பண்ணு."

நேர்வழி அடைத்துக்கொண்டால் போராளி பக்கவழியில் போவான். மே மூன்றாம் தேதி எஃபியின் பிறந்தநாள். கோலை அவளுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டால்? பரிசை யார் குறை சொல்ல முடியும்? அவளுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. கோல் மூலையில் கிடக்கும். மூலையிலிருந்து என் கைக்கு நான்கடி தூரம்.

பேருந்து ஏறி எல்ஜினுக்குப் போனேன். கடைக்காரர் டஃப் பொறுமையான மனிதர். நான்கு கோல்களைக் கடைக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்கு எடுத்து வந்தார்.

"உங்க ஊர் தண்ணிக்குப் பதிமூணடி போதும்."

"கர்னல் எத்தன அடி வச்சிருக்கார்?"

"பதினாலு."

"அப்ப பதினஞ்சு குடுங்க."

கைப்பிடிக்கு மேல் பத்து என்று ஒரு எண் எழுதியிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"நூலோட எண்ணுங்க. இதுல எடைதான் எல்லாம். நூல் கனமா இருந்தாத்தான் கோல் வளையும். கோல் வளைஞ்சாத்தான் நூல் பறக்கும். கோல வளைக்கிறது உங்க கை இல்ல, நூல். பத்துன்னு போட்டிருந்தா பத்தாம் எண் நூல்தான் போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பொருளை வாங்கினால் இன்னொரு பொருளைக் கட்டாயமாக வாங்க வை. இதைப் பற்றி நான் 1954-லேயே எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அலமாரியின் அடியில் விற்காமல் கிடந்த ஏழாம் எண் நூலைப் பாதி விலைக்கு எடுத்தேன். டஃப் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று புரிந்தது.

மே மூன்றாம் தேதி. எஃபி நீளமான துணிப்பையைப் பிரித்தாள்.

"என்னது இது?"

"தூண்டில் கோல்."

"எனக்கா?"

"உனக்குத்தான். எத்தன நாளைக்கு அடுப்படியிலயே நிப்ப? பெண்கள் எல்லாத் துறையிலயும்..."

"அந்தப் பிரசங்கத்த விடு. இது என்னோடதா?"

"உன்னோடதுதான்."

"நீ எடுக்கணும்னா?"

"கேட்டுத்தான் எடுப்பேன்."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுக்கச் சொன்னால் நான் மறுத்ததே கிடையாது. அரைப் பக்கம் எழுதினேன். பரிசு உண்மையானது என்று காட்ட, யூஃபீமியா என்ற அவள் முழுப் பெயரைக் கொடுத்து, அவளைச் சங்கத்திலும் சேர்த்துவிட்டேன். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. ஓர் உறுப்பினருக்கு வாரத்தில் இரண்டு நாள். எனக்குத் திங்களும் வியாழனும். அவளுக்குப் புதனும் வெள்ளியும். அந்த நாட்களையும் நானே எடுத்துக்கொள்ளலாம்.

சங்கச் செயலாளர் பெத்தூன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அவங்க சீட்டுல நீங்க பிடிக்க முடியாதே, மிஸ்டர் மக்ஹார்டி."

"யார் சொன்னது?"

"நீங்கதான். ஆறாவது விதி."

போகட்டும். கோல் கிடைத்ததே. வாரத்துக்கு இரண்டு முறை எஃபியிடம் முறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். பதினைந்தடிக் கோலைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினேன். நூல் என் தொப்பி மேல் விழுந்தது. மறுபடி சுழற்றினேன். என் காலடித் தண்ணீரில் இடியாப்பம் பிழிந்ததுபோல் விழுந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் வாட்டி கரையில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான். பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன். என் பிரசுரத்தைப் படிக்காதவன்.

"மர்டோ, கோல் வளையவே இல்லியேடா."

"நானும் வளைய மாட்டேன். என் கோலும் வளையாது."

"அதான் ரெண்டும் ஒண்ணும் பிடிக்கல."

ஆறு வாரம் போராடினேன். தோள்பட்டை வீங்கியது. கார்பன் என்பதே ஏமாற்று என்று முடிவுக்கு வந்தேன். பெருந்தன்மையோடு கோலை எஃபியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"உன் பொருள். நீயே வச்சுக்க."

அவள் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பத்துங்கிற நம்பர் எதுக்கு?"

"வியாபாரத் தந்திரம்."

"ஓஹோ," என்றாள். கோலைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

நான் பழைய மரக்கோலுக்கே திரும்பினேன். ஜூலை பதினான்கு, வியாழக்கிழமை, பாலத்துக்குக் கீழே என் தூண்டிலில் ஒரு மீன் விழுந்தது. பதினான்கு பவுண்டு. கர்னல் அந்தப் பருவத்தில் பிடித்தது ஒன்பது என்று மதுக்கடையில் அவரே புலம்பினார். பெத்தூன் என் மீனை நிறுத்துப் பதிவேட்டில் எழுதி அலமாரியைப் பூட்டினார். அன்றே என் உரையை எழுத ஆரம்பித்தேன்.

உரை வளர வளர வீட்டைக் கவனிக்க நேரமில்லை. எஃபி புதனும் வெள்ளியும் தேவாலயத்துப் பெண்கள் குழுவுக்குப் போனாள். அவர்களுக்குப் பின்னல் வேலை அதிகம் என்றாள். ஒருநாள் அவள் உள்ளங்கையைப் பார்த்தேன்.

"என்ன, கை காய்ச்சுப் போயிருக்கு?"

"ஓட்ஸ் ரொட்டி தேய்க்கிறேன்ல."

"கொஞ்சம் மெதுவாத் தேயி. சும்மாவே ரொட்டி கல்லு மாதிரி இருக்கு."

செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு மீன். தட்டின் இரண்டு பக்கமும் வெளியே தொங்கியது. வெண்ணெயில் வேகவைத்து, உருளைக்கிழங்கோடு. நான் மூன்று துண்டு சாப்பிட்டேன்.

"ஏது மீனு?"

"வாட்டி குடுத்தான்."

"வாட்டியா? அவனுக்குச் சளி பிடிக்கவே வராதே."

"நல்லா இருக்கா இல்லியா?"

"நல்லா இருக்கு. பெரிய மீனா இருந்திருக்கும்போல. எத்தன பவுண்டாம்?"

"சாப்பிடுற மீன நிறுத்தா பாப்பாங்க? இன்னொரு துண்டு போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். மறுநாள் வேலிக்கு மேலாக வாட்டிக்கு நன்றி சொன்னேன். அவன் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தான்.

"நல்லா இருந்துச்சாடா?"

"பிரமாதம்."

"எல்லாம் அவங்க கைப்பக்குவம்," என்றான்.

பிப்ரவரி பதினொன்று வந்தது. கரையெல்லாம் பனி. நாற்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். கர்னல் முன்வரிசையில், வெறுங்கையோடு. அந்தக் காட்சிக்காக நான் இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்தேன். என் சட்டைப்பையில் பதினோரு பக்க உரை. 1938-லிருந்து தொடங்கும்.

எஃபி முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். தோளில் அந்தப் பதினைந்தடிக் கோல்.

"எதுக்கு இந்த பூட்ஸு?"

"சேறு."

"கோலு?"

"வீசுறதுக்கு வேணும்ல?"

எனக்குக் கண் கலங்கியது. அந்த மரக்கோலோடு கணவன் ஊர்முன் நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். எழுதிக் கொடுத்ததை மறக்காமல் முறையாகவே கேட்டேன்.

"எஃபி, உன் கோலக் குடுப்பியா?"

"மொதல்ல பேரப் படிக்கட்டும்."

பைப் ஓய்ந்தது. ஆற்றில் விஸ்கி ஊற்றினார்கள். பெத்தூன் பதிவேட்டைத் திறந்தார்.

"போன பருவத்தின் மிகக் கனமான மீன். பிடித்த நாள், செப்டம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை."

தேதியைத் தவறாக எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். வயதாகிவிட்டது அவருக்கு.

"எடை, பத்தொன்பது பவுண்டு."

கூட்டம் முணுமுணுத்தது. கர்னல் திரும்பி என்னைப் பார்த்தார். எடையிலும் தவறு.

"கோல், பதினைந்தடி, கார்பன்."

எங்கள் ஊரில் பதினைந்தடிக் கார்பன் கோல் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. ஆக, பெத்தூன் எல்லாவற்றையும் குழப்பிவிட்டிருந்தார். தவறு மூன்று. ஆனால் மூன்றும் என் பக்கம். வாழ்நாளில் ஓர் அலுவலர் எனக்குச் சாதகமாகத் தவறு செய்தது அதுதான் முதல் தடவை. நான் அவரை மன்னித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஓரடி முன்னால் வைத்தேன்.

"நூல், பத்தாம் எண்."

வாட்டிக்கு இருமல் வந்தது. எஃபி தன் கைப்பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"இதக் கொஞ்சம் பிடி," என்றாள்.

பெத்தூன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, ஐந்தாவது விதிப்படி, கர்னல் உட்பட நாற்பது சாட்சிகள் முன்னிலையில் உரக்கப் படித்தார்.

"திருமதி யூஃபீமியா மக்ஹார்டி."