கண்ணை மூடிய கரடியும் முள் உதிர்ந்த மேலாளரும்

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே மேட்டில், வேதமாணிக்கம் என்ற கரடி தேன் கம்பெனி நடத்திவந்தது. அங்கே மேலாளர், சுயம்பு என்ற முள்ளம்பன்றி. மேலாளர் என்று பெயர்தான். ஆர்டர் பிடிப்பதும் அதுதான், பாட்டில் கழுவுவதும் அதுதான்.

கரடிக்கு எதற்கெடுத்தாலும் டென்ஷன். ஒரு பாட்டில் மூடி கோணலாக இருந்தால் போதும், காடே அதிரக் கத்தும். கத்தக் கத்த ரோமம் கொட்டியது. கொட்டிய ரோமம் தேனில் விழுந்தது. தும்பிக்கை அரிக்கிறது என்று யானைகள் பாட்டிலைத் திருப்பி அனுப்பின.

வேறு வழியில்லாமல் கரடி குளக்கரைக் கொக்கிடம் போனது. முதலாளிகளுக்கு மன அமைதி வகுப்பு எடுப்பதில் அந்தக் கொக்குக்குப் பெரிய பெயர். நாள் முழுக்க ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும். நடுவில் ஒரு மீனை விழுங்கும். அதையும் நிதானமாகவே விழுங்கும்.

"பிரச்சினை வந்தா கண்ணை மூடுங்க. மூச்சை மட்டும் கவனிங்க. அது தானா விலகிப் போயிடும்," என்றது கொக்கு.

மறுநாளே பிரச்சினை வந்தது. சுயம்பு மூச்சிரைக்க ஓடிவந்தது.

"அண்ணாச்சி! தேனீயெல்லாம் வேலைய நிறுத்திட்டுது!"

கரடி கண்ணை மூடிக்கொண்டது. "மூச்சைக் கவனிக்கேன்."

"நாளைக்கு யானை வீட்டுக் கல்யாண ஆர்டர், அண்ணாச்சி!"

"உள்ள போகுது... வெளிய வருது..."

அங்கே நின்று பயனில்லை என்று சுயம்பு ஓடிப்போய்த் தேனீக்களின் காலில் விழுந்தது. தேனீக்கு ஆறு கால், ஒவ்வொன்றிலும் விழவேண்டியிருந்தது. கரடி கண்ணைத் திறந்தபோது எதிரே பிரச்சினையைக் காணோம். கொக்கின் வாக்கு பலித்துவிட்டது என்று பூரித்துப்போனது.

அன்றிலிருந்து எது வந்தாலும் கரடி கண்ணை மூடும், சுயம்பு ஓடும். கரடிக்கு ரோமம் கருகருவென்று வளர்ந்தது. சுயம்புவுக்கோ முள் கொட்டத் தொடங்கியது. பாவம், அந்த முள்ளை நம்பித்தான் அது உயிரோடு வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு சிறுத்தை உண்டு. முன்பெல்லாம் சுயம்புவைக் கண்டால் ஒதுங்கிப் போகும். இப்போது, "என்ன தம்பி, ஒரேயடியா வழுவழுன்னு ஆயிட்டீங்களே?" என்று பாசமாக விசாரித்தது.

சுயம்பு நேராகக் கொக்கிடம் ஓடியது. "ஐயா, எனக்கும் அந்தத் தியானத்தைச் சொல்லித் தாங்க."

"உங்களுக்குக் கீழ யாராவது வேலை பார்க்காங்களா?"

"யாரும் இல்லையே."

"அப்ப நீங்க கண்ணை மூடினா பிரச்சினை எங்க போகும்? முதல்ல ஒரு ஆளைப் போடுங்க."

சுயம்பு ஒரு முயலைப் போட்டது. இரண்டு கம்பெனியில் அனுபவம் உள்ள முயல். உதவி மேலாளர் என்ற பட்டத்தைக் கேட்டதும், வேறு எதையும் கேட்காமல் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டும் சேர்ந்து வீடு திரும்பின. வழியை மறித்துச் சிறுத்தை நின்றது.

"சார்! சிறுத்தை, சார்!" என்று முயல் அலறியது.

சுயம்பு கண்ணை மூடிக்கொண்டது. மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. கொஞ்ச நேரம் ஏதோ சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. கண்ணைத் திறந்தபோது சிறுத்தையைக் காணோம். முயலையும் காணோம்.

மறுநாள் காலை சுயம்புவின் முதுகில் புதிதாக ஒரு முள் முளைத்திருந்தது. கம்பெனி வாசலில், உதவி மேலாளர் தேவை என்று பலகை தொங்கியது.

நீதி: தியானம் யாருக்கும் பலிக்கும், நமக்குக் கீழே ஓர் ஆள் இருந்தால் போதும். ஆள் தீர்ந்தால் வேறு ஆள் எடுத்துக்கொள்ளலாம்.