வேரின் நீளம், தினமும்

உலகத்து மரங்கள் இத்தனை கோடி ஆண்டுகளாக எந்தப் பதிவேடும் இல்லாமல் தம்பாட்டுக்கு வளர்ந்து வந்திருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. இந்த அராஜகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ‘நிழல் மேம்பாட்டு மைய’த்தையே சேரும்.

மையத்தின் ‘இல்லந்தோறும் நாட்டு மரம்’ மாலை வகுப்பில் நான் சேர்ந்தது அக்காவுக்காக. எங்கள் வீட்டில் அவளுடைய தையல் மெஷின் மேற்கு ஜன்னலோரம் இருக்கிறது. வேறு இடம் கிடையாது. பிற்பகல் இரண்டு மணிக்கு வெயில் நேராக உள்ளே வந்து மெஷின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கத்தரிக்கோலைத் தொட்டால் விரல் பொசுங்கும். ஐந்து மணிவரை அக்கா கையைக் கட்டிக்கொண்டு வெயிலை முறைத்துக்கொண்டிருப்பாள்.

“ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நின்னா போதும்டா” என்றாள் ஒருநாள்.

“வளர அஞ்சு வருஷம் ஆகும்க்கா.”

“அதுவரைக்கும் துண்டைத் தொங்கவிட்டுக்கிறேன். நீ ஆரம்பி.”

எப்படி ஆரம்பிப்பது? பகலில் நான் கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களை எடை பார்ப்பவன். ஒரே பொட்டலத்தை மூன்று தடவை நிறுத்த பிறகும் தராசின்மேல் சந்தேகம் வரும். அப்புறம் என்மேல் வரும். அப்படிப்பட்டவன் முறையான பயிற்சி இல்லாமல் ஒரு விதையின் வாழ்க்கையில் தலையிடலாமா?

வகுப்பில் பதினைந்து பேர். முதல் நாளே ஒருங்கிணைப்பாளர் ஆளுக்கு ஆறு புங்க விதைகளும் ஒரு ‘வளர்ச்சிப் பதிவேடும்’ கொடுத்தார். விதைகளைப் பழைய செய்தித்தாளில் மடித்திருந்தார்கள். பதிவேட்டுக்குக் கெட்டி அட்டை, உள்ளே பட்டு நாடா. தேதி, ஊற்றிய தண்ணீர், இலைகளின் எண்ணிக்கை, விதையின் மனநிலை (உற்சாகம் / சோர்வு / சொல்ல இயலாது) என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டம்: ‘வேரின் நீளம், மி.மீ., தினமும்.’

“சார், வேர் மண்ணுக்குள்ளதானே இருக்கும்?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“அப்ப எப்படி சார் அளக்கிறது?”

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். “கட்டம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“கட்டம்னு ஒண்ணு இருந்தா நிரப்பணும் தம்பி.”

இதைவிடத் தெளிவாக ஒரு கல்விமான் பேச முடியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த பல் டாக்டர், “வேரைப் பார்க்கணும்னா பிடுங்கித்தான் ஆகணும். என் தொழில்ல அதுதான் வழி” என்று வழிமொழிந்தார்.

விதைகளை ஓர் இரவு ஊறவைத்தேன். ஐந்து பைகளில் மண் நிரப்பி எண் ஒட்டினேன். ஆறாவது பைக்கு எண் எழுதும்போது ஆறு ஒன்பதுபோலத் தெரியுமோ என்று யோசித்து நின்ற நேரத்தில், அக்கா வந்து அந்த விதையை எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வெளியே, துணி அலசிய தண்ணீர் ஓடும் இடத்தில், கட்டைவிரலால் மண்ணுக்குள் ஒரு அழுத்து. கையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

“அக்கா! எவ்வளவு ஆழம்னு அளந்தியா?”

“கட்டைவிரல் ஆழம்.”

“அதை எப்படிப் பதிவேட்ல எழுதறது?”

“கட்டைவிரலை மையில தொட்டு வை. ரேகையாவது விழும்.”

தினமும் காலை ஆறு பத்துக்கு நான் ஐந்து விதைகளையும் கரண்டியால் தோண்டி எடுப்பேன். கழுவுவேன். மெல்லிய துணியால் ஒற்றுவேன். அளவுகோலின்மேல் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பேன். எட்டு நாள்வரை பூஜ்யம். சந்தேகத்தின் பேரில் மாலையிலும் ஒருமுறை தோண்டிச் சரிபார்த்தேன். அப்போதும் பூஜ்யம். ஒன்பதாம் நாள் மூன்றாம் எண் விதையில் வெள்ளையாக ஒரு முனை: இரண்டு மி.மீ.! மனநிலை: உற்சாகம். (விதையுடையதா என்னுடையதா என்று தெரியாததால் இரண்டுக்கும் சேர்த்து டிக் செய்தேன்.) பதினோராம் நாள் மூன்று மி.மீ. ஒரு துண்டு இரண்டு, இன்னொரு துண்டு ஒன்று. இப்படி ஒவ்வொரு விதையாக விடைபெற்றது. பதிவேடு மட்டும் ஒரு கட்டம் விடாமல் செழித்தது.

ஜன்னலுக்கு வெளியே இருந்ததோ எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நடந்துகொண்டது. பதினாலாம் நாள் தலை காட்டியது. முப்பதாம் நாள் செம்புநிறத் தளிர் விட்டது. நாற்பதாம் நாள் ஒரு சாண் உயரம், ஐந்து இலை. அக்கா வேலைக்கு நடுவே எட்டிப் பார்த்து, “என்னடா குட்டி, எப்ப பெரியாளாகி எனக்குக் குடை பிடிக்கப்போற?” என்று கொஞ்சினாள். கொஞ்சுவதற்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

நாற்பத்திரண்டாம் நாள் வகுப்பின் நிறைவு விழா. உயிருள்ள ஒரு செடிக்காவது வேரின் நீளம் காட்டினால்தான் சான்றிதழ். காலை ஆறு பத்துக்குக் கரண்டியோடு ஜன்னல் பக்கம் போனேன். அக்கா எனக்கு முன்பே அங்கே நின்றாள், கையில் கத்தரிக்கோல்.

“ஒரே ஒரு தடவைக்கா. அளந்துட்டு அப்படியே வெச்சுடறேன்.”

“அஞ்சை அப்படியே வெச்சியே, எங்க அதெல்லாம்?”

“இதுக்கு அங்கீகாரம் வேணாமா?”

“இது எனக்கு நிழல் குடுக்கணும். அங்கீகாரத்தை நீ போய் வாங்கிக்கோ. செடிமேல கை வெச்சே, உன் விரல் நீளத்தை நான் அளப்பேன். துண்டு துண்டா.”

உள்ளே போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்காத ஓர் அளவை எழுதினேன்: 118 மி.மீ.

விழாவுக்குச் ‘செடிகளைக் கொண்டு வர வேண்டாம், கூடத்தில் மண் சிந்தும்’ என்று சுற்றறிக்கை வந்திருந்ததால் எல்லோரும் பதிவேடுகளோடு வந்திருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் புரட்டிக்கொண்டே வந்து என்னுடையதில் நின்றார்.

“எல்லாருக்கும் கடைசி நாள் 112. உங்களுக்கு மட்டும் எப்படி 118?”

என்னால் தாங்க முடியவில்லை. “பொய் எழுதிட்டேன் சார். அந்தச் செடியை நான் தோண்டவே இல்லை.”

“சரி. மத்த செடியெல்லாம்?”

“தினமும் தோண்டினேன் சார். அஞ்சும் செத்துப்போச்சு.”

“நிஜமாவா தோண்டினீங்க?” என்றார் பல் டாக்டர். “என் விதையெல்லாம் இன்னும் கார்லயே கிடக்குதுங்க.”

“அப்ப 112?” என்றேன்.

“போன வருஷத்துப் பதிவேட்டைப் பார்த்து எழுதினது. எல்லாரும் அப்படித்தான்.”

போன வருடத்தார் அதற்கு முந்தைய வருடத்தாரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். முதல் வருடத்தார்? “நான்தான் போர்டுல ஒரு மாதிரிக்குப் போட்டேன்” என்றார் ஒருங்கிணைப்பாளர் அடக்கத்தோடு. “பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு.”

பிறகு என் பக்கம் குனிந்தார். கண்கள் பளபளத்தன. “அப்ப உங்க வீட்டுல நிஜமான செடி ஒண்ணு நிக்குதா? அதை வேரோட எடுத்துட்டு வாங்க தம்பி! ஒரே ஒரு தடவை சரியா அளந்துட்டா, இனிமே காப்பி அடிக்க நம்மகிட்ட உண்மையான எண்ணே இருக்கும். விஞ்ஞானம்!”

எதையும் மூன்று தடவை யோசிக்கிறவன், ஒரு தடவைகூட யோசிக்காமல் சொன்னேன்: “அதுவும் செத்துப்போச்சு சார்.”

“எப்போ?”

“இப்பத்தான்.”

அவர் என் பதிவேட்டில் சிவப்பு மையால் ‘விதைகள் ஆறு, மரணம் ஆறு’ என்று எழுதி முத்திரை குத்தினார். பதினான்கு பேருக்குச் சான்றிதழ், கைதட்டல், புகைப்படம். என்னை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்.

“இருபத்திரண்டு வருஷமா நம்ம மையத்துல ஒரு விதைகூடச் செத்ததில்லை. இன்னிக்கு இந்த ஒருத்தரால அந்தப் பேர் போச்சு.”

தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்த வகுப்பில் விதையை மண்ணில் போட்ட மாணவன் நான் ஒருவன்தான்.